மறுதலித்தவர் வீட்டுப் பூசணிக்காய்

கண்ணாடிக் கிண்ணங்களை மடியில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்குப் பேருந்தில் போகக் கூடாது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் வேகத்தடையிலேயே பெட்டிக்குள் ஏதோ நொறுங்கிய சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் அது சோடா பாட்டிலா என்று விசாரித்தார். திருவிருந்துக் கிண்ணங்கள், கோயிலில் திராட்சரசம் கொடுப்பதற்கு என்றேன். அவர் மரியாதையாக அரை அடி நகர்ந்து உட்கார்ந்தார், பெட்டிக்கு இடம் விட்டு.

மலேசியாவில் தைப்பிங் எனக்கு ஊர். எங்கள் சபையில் திருவிருந்துக்குப் புதுக் கிண்ணங்கள் வாங்கினார்கள். கட்டைவிரல் உயரத்தில் இருக்கும் பழைய கிண்ணங்களைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. மானாம்பதியைத் தாண்டி ஒரு சின்னச் சபை இருக்கிறது, அதன் கூரைக்கு ஒரு தடவை நாங்கள் தகரம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், அங்கே அனுப்பலாம் என்று முடிவானது. யார் கொண்டுபோவது என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார், சர்க்கரை நோயைத் தவிர வேறு வேலை இல்லாதவன், மாதத்தில் ஒரு ஞாயிறு பிரசங்க மேடை ஏறுகிறவன். காஞ்சிபுரத்துக்குப் பக்கம் என்றதும் என் மனைவியும் பட்டுப் புடவையின் நிறத்தைச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

வந்தது சுற்றுலா விசாவில். அந்த விசாவில் வருகிறவன் மதப் பிரசங்கம் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும். அறுப்பின் பண்டிகைக்கு வருகிறீர்கள், சும்மா இரண்டு வார்த்தை வாழ்த்துச் சொல்லுங்கள் என்று அந்த ஊர்ப் போதகர் ஜெபராஜ் போனில் சொல்லியிருந்தார். எங்கள் ஆட்கள் அகராதியில் இரண்டு வார்த்தை என்றால் முக்கால் மணி நேரம்.

பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய் என்ஜினைப் பார்த்துவிட்டு, அதைப் பார்க்காதவர்போல வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். முன் இருக்கையில் ஒரு வடநாட்டுப் பையன் போனில் இந்தியில் பேசிக்கொண்டிருந்தான். ஏதோ கம்பெனியில் வேலை. என் பக்கத்து ஆளுக்கு இந்தி தெரிந்திருந்தது. அவர் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார். தான் மெட்ராஸில் கடற்கரையில் நிற்பதாக அந்தப் பையன் அம்மாவிடம் சொல்கிறானாம். சுற்றிலும் அறுத்த வயல், வைக்கோல், நாலு கொக்கு. நானும் சிரித்தேன். வெளியூரில் இருப்பவன் வீட்டுக்குச் சொல்லும் பொய்களை நானும் சொல்லியிருக்கிறேன்.

உத்திரமேரூரில் போதகர் காத்திருந்தார். முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கும், கூரம் பக்கத்துக்காரர், மெலிந்த மனிதர். வந்தவனுக்கு ஊரின் பெருமையைக் காட்டாமல் விடக் கூடாது என்று நேரே கல்வெட்டுக் கோயிலுக்கு அழைத்துப்போனார். சுவர் முழுக்க எழுத்து. அந்தக் காலத்தில் ஊர்ச் சபைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று வெட்டிவைத்திருக்கிறார்கள். சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். எங்க சபையில ஒருத்தர்கூடத் தேற மாட்டாங்க என்றார் போதகர். நான் இரண்டு படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படங்கள் எதற்குப் பயன்படப்போகின்றன என்று அப்போது தெரியாது.

ஊரின் பெயரை எழுதவில்லை. காரணம் படிக்கும்போது புரியும். ஏரிக்கரையை ஒட்டி ஒரு காலனி, நடுவில் தகரக் கூரை போட்ட ஜெபக்கூடம், அதன் உச்சியில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். நான் இறங்கியபோது ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பிரித்தோம். போதகரின் மனைவி உடைந்தவற்றை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சோப்பு போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்தார். இரவு கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். எங்கள் ஊரில் கருவாட்டை வறுத்து நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுக்குப் பக்கத்தில் அலங்காரமாக வைப்பார்கள். இங்கே அதுதான் சாப்பாடே. டாக்டர் சொன்ன அளவைத் தாண்டி இரண்டு உருண்டை தின்றேன்.

மறுநாள் சனிக்கிழமை பண்டிகை வேலை. அறுப்பின் பண்டிகை என்றால் அவரவர் வீட்டில் விளைந்ததை, வளர்ந்ததைக் கொண்டுவந்து ஜெபக்கூடத்தில் வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். நெல் மூட்டை, கோழி, முட்டை, முருங்கைக்காய்க் கட்டு, சொந்த நிலம் இல்லாதவர்கள் கூலியாக வாங்கிய நெல்லில் ஒரு மரக்கால். ஒவ்வொரு பொருளுக்கும் கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லித்தான் ஏலம் கேட்பார்கள். ஒரு கத்திரிக்காய்க் கூடை சந்தை விலையைப்போலப் பத்து மடங்குக்குப் போகும். அது காய்க்கு விலை இல்லை, கொடுத்தவருக்கு மரியாதை. எங்கள் தைப்பிங்கிலும் ஏலம் உண்டு. கேக், டின் பிஸ்கட் என்று மாறிவிட்டது.

காலை பத்து மணி வாக்கில் ஒருவர் பெரிய பூசணிக்காயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம், கட்டை குட்டையான உடம்பு. வாசற்படி வரை வந்தவர் உள்ளே போகாமல் அதைப் படிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, எனக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். உள்ளே கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிரவில்லை. யாரும் அந்தக் காயை உள்ளே எடுத்து வைக்கவும் இல்லை.

போதகர் என்னை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார். வந்தவர் பெயர் சபையில் சாமுவேல், அரசாங்கத் தாள்களில் முனுசாமி. அது பெரிய விஷயம் இல்லை; காலனியில் எல்லாருக்கும் இரண்டு பெயர். இந்துவாக இருந்தால் தாழ்த்தப்பட்டோர் என்று சாதிச் சான்றிதழ் கிடைக்கும், கிறிஸ்தவன் என்றால் அந்தச் சலுகை கிடையாது. ஞானஸ்நானம் எடுத்ததால் ஊர்த்தெருக்காரன் யாரும் வீட்டுக்குள் கூப்பிட்டுவிடவில்லை. ஆனாலும் தாளில் மாறிவிடும். சாமுவேலின் மகள் சுமதிக்கு அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. சான்றிதழைச் சரிபார்க்கும்போது யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள், இவர்கள் கிறிஸ்தவர்கள் என்று. போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். இந்த ஜெபக்கூடத்து வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நீ கிறிஸ்தவனா என்று சாமுவேலிடம் கேட்டார்கள். காலனியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் இல்லீங்க என்று சொல்லிவிட்டார் சாமுவேல்.

அதோடு அவருக்குத் திருவிருந்து நின்றது. அந்த வருஷப் பண்டிகைக்கு அவர் கொண்டுவந்த பூசணிக்காயை ஏலத்தில் யாரும் கேட்கவில்லை. மைக்கில் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூவியும் கூட்டம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். காயைத் தூக்கிக்கொண்டு அவரே வீட்டுக்குப் போனாராம். இந்த வருஷமும் கொண்டுவந்திருக்கிறார்.

பிறகுதான் போதகர் என்னை எதற்கு இவ்வளவு ஆவலாக எதிர்பார்த்தார் என்பது வெளிவந்தது. சபை இரண்டாகி நிற்கிறது. சாமுவேல் சொன்ன அந்த வார்த்தை, பேதுரு சொன்னதா, யோவான் ஸ்நானகர் சொன்னதா?

வேதத்தில் ஒரே பதிலை இரண்டு பேர் சொல்கிறார்கள். எருசலேமிலிருந்து அனுப்பப்பட்ட ஆட்கள் வந்து, நீர் எலியாவா என்று யோவான் ஸ்நானகரைக் கேட்கிறார்கள். நான் அல்ல என்கிறார். ஆனால் மறுபடி வருவான் என்று சொல்லப்பட்ட தீர்க்கதரிசி எலியா இவன்தான் என்று இயேசு வேறோரிடத்தில் சொல்கிறார். இதில் யார் சொன்னது சரி என்று அன்றிலிருந்து இன்றுவரை சண்டை. இன்னொரு இடத்தில், இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன ராத்திரி, நீ அவனுடைய சீஷன்தானே என்று நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கும் பேதுருவைக் கேட்கிறார்கள். அவரும் நான் அல்ல என்கிறார். அது மறுதலிப்பு, பாவம், பின்னால் அழுதார்.

சாமுவேல் சொன்னது பேதுரு சொன்னது என்றால் அவர் மனந்திரும்ப வேண்டும். மனந்திரும்புவது என்றால் அதே அதிகாரிகளிடம் போய், நான் கிறிஸ்தவன்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மகளின் வேலை போயிற்று. யோவான் சொன்னது என்றால் பாவமே இல்லை, நாளைக்கே திருவிருந்து கொடுக்கலாம். யோவான் என்று சபைக்கூட்டத்தில் எழுந்து சொன்னவள் சுமதிதான். பேதுருதான் என்று அடித்துச் சொல்கிறவர் சபையின் மூத்த பொறுப்பாளர், மூப்பர் எசேக்கியேல். வெளிநாட்டிலிருந்து வருகிற ஐயா சொன்னால் மூப்பர் கேட்பார் என்பது போதகரின் கணக்கு. எனக்குள்ளே வாத்தியார் விழித்துக்கொண்டார். பிள்ளைகள் அடித்துக்கொள்ளும்போது நடுவில் போய் நிற்பதில் எனக்கு எப்போதும் ஒரு சுகம்.

மத்தியானம் மூப்பரைப் பார்க்கப் போனேன். வீட்டு வாசலில் முறம் வைத்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தார், மலேசியாவில் மழை எப்படி என்று கேட்டார். நான் பேச்சை எடுத்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"பேப்பர்ல நானும்தான் ஏழுமல. அது பேப்பரு. வாயால கேட்டா இன்னா சொல்றதுங்கறதுதான் பேச்சு. என் பையனுக்கு வேல வந்தப்ப என்னியும் நிக்க வெச்சிக் கேட்டாங்க. ஆமான்னேன். அவன் இன்னிக்கும் சூளைல கல்லு அறுத்துக்கினு கீறான். என் மூஞ்சப் பாத்துப் பேசறதில்ல."

யோவானும் அல்ல என்று சொன்னாரே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். யோவான் தன்னைப் பெரியவனாக்கிக்கொள்ளாமல் இருக்கச் சொன்னார், பேதுரு தப்பிக்கச் சொன்னார், எதற்காகச் சொன்னான் என்று பார்க்க வேண்டாமா என்றார் மூப்பர். பிறகு முறத்தை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவன சும்மா சேத்துக்கினா, நான் சொன்ன ஆமாவுக்கு இன்னாங்க அர்த்தம்?"

வெயிலில் நடந்து திரும்பி வந்தேன்.

சாயங்காலம் சுமதி வந்தாள். காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இப்போதைக்கு வேலை. டூட்டி முடித்து நேரே வந்திருந்தாள், கையில் டிபன் டப்பா. விசாரணை இன்னும் முடியவில்லை, கடைசி அறிக்கை அனுப்ப வேண்டியது பாக்கி, இந்த மாதத்துக்குள் போய்விடும் என்றாள். அப்பாவுக்குத் திருவிருந்து இல்லாமல் போனதிலிருந்து ராத்திரியில் சோறு சரியாக இறங்குவதில்லை என்றாள். "எங்க நைனாவ சேத்துக்க வைங்க ஐயா. ஆனா பேரு மட்டும் எங்கியும் வராம பாத்துக்கங்க." பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்று தூக்கம் பிடிக்கவில்லை. எங்கள் நாட்டில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் இனம் என்று ஒரு கட்டம் இருக்கும். இந்தியர் என்று எழுதுவேன். அறுபது வருஷமாக அந்தக் கட்டம் எனக்கு எரிச்சல். இந்தியாவுக்கு வந்தால் வெளிநாட்டுக்காரன். ஆனால் ஒன்று, நான் எழுதிய பதிலுக்காக என் பிள்ளையின் சோற்றில் யாரும் கைவைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடம் நிறைந்திருந்தது. நெல் வாசனை, கோழிச் சத்தம். பூசணிக்காயை யாரோ உள்ளே உருட்டி மூலையில் வைத்திருந்தார்கள். போதகர் என்னைப் பேச அழைத்தார். இரண்டு வார்த்தை முக்கால் மணி நேரத்தையும் தாண்டியது.

நான் யார் என்று நான் சொல்வது கடைசி வார்த்தை இல்லை என்றேன். யோவான் தன்னை அல்ல என்றார்; ஆண்டவரோ அவன்தான் என்றார். யோவான் வாயால் சொன்னதை ஆண்டவர் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. பேதுரு என்று வைத்துக்கொண்டாலும் இன்னொன்று இருக்கிறது என்றேன். தோட்டத்தில் பிடிக்க வந்தவர்கள் கேட்டபோது நான்தான் என்று முன்னால் வந்து நின்றவர் இயேசு. என்னைப் பிடியுங்கள், இவர்களைப் போக விடுங்கள் என்றார். ஆமாம் என்று சொன்னவர் ஒருவர் இருந்ததால்தான், அல்ல என்று சொன்னவர்கள் உயிரோடு வீடு போனார்கள். அந்த ஆமாம் வீணாகவில்லை. அது மற்றவர்கள் அல்ல என்று சொன்னதையும் சேர்த்துச் சுமந்தது. இதைச் சொல்லும்போது நான் மூப்பரைப் பார்க்கவில்லை.

திருவிருந்து நேரம். தைப்பிங் கிண்ணங்கள் தட்டில் வந்தன. வரிசையில் கடைசியாகச் சாமுவேல் வந்து முழங்காலில் நின்றார். போதகர் மூப்பரைப் பார்த்தார். மூப்பர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒரு தடவை ஆட்டினார். சாமுவேல் கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். என்னை அறியாமல் அவர் தலையில் கைவைத்தேன். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. என் வாழ்நாளில் ஒரு பிரசங்கம் பலித்ததைக் கண்ணால் பார்த்தது அன்றுதான், சந்தோஷத்தில் எனக்கும் கண் கலங்கியது.

பிறகு ஏலம். மைக்கைப் பிடித்தவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கோழி போயிற்று, நெல் போயிற்று. கடைசியாகப் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "நம்ம சாமுவேலு அண்ணன் தோட்டத்துக் காயி, சாமுவேலு அண்ணன் ஆண்டவருக்குக் குடுக்கற காணிக்க" என்று கூவினார். ஏரிக்கு அந்தப் பக்கம் எதிரொலித்தது. ஒருவர் கேட்க, இன்னொருவர் ஏற்ற, கடைசியில் யாரும் தொட முடியாத விலைக்குக் கேட்டு எடுத்தவர் மூப்பர் எசேக்கியேல். எழுந்து வந்து காயை வாங்கிக்கொண்டு சாமுவேலின் தோளைத் தட்டினார். கூடமே கைதட்டியது. நானும் தட்டினேன். கூட்டத்தில் சுமதியின் கைகள் மட்டும் மடியில் கிடந்தன. அவள் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஸ்பீக்கர் இருந்த பக்கம்.

மத்தியானம் மூப்பர் வீட்டில் அந்தக் காயை அறுத்து வீட்டுக்கு ஒரு கீற்று கொடுத்தனுப்பினார்கள். காலனி முழுக்க அன்று பூசணிக்காய்க் குழம்பு. போதகர் பண்டிகைப் படங்களையும் வீடியோவையும் வாட்ஸாப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார். தைப்பிங்கில் உள்ளவர்கள் கிண்ணங்களைப் பார்க்கட்டும் என்று. பார்த்தேன், நன்றாக வந்திருந்தது.

திங்கட்கிழமை நாஷ்டா முடித்துவிட்டுப் புடவை வாங்கக் காஞ்சிபுரம் கிளம்பிக்கொண்டிருந்தேன். கிராம நிர்வாக அலுவலகத்திலிருந்து உதவியாளர் வண்டியில் வந்தார். மலேசியாக்காரர் பாஸ்போர்ட்டோடு வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். போதகரின் முகம் வெளிறிவிட்டது. அவரை வர வேண்டாம் என்றேன்.

அலுவலகம் என்பது ஒரே அறை. விசாரணை அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர் என்றே சொல்வேன். எழுந்து நாற்காலி காட்டினார், டீ வரவழைத்தார், சர்க்கரை இல்லாமல் வேண்டும் என்றதும் மாற்றிவரச் சொன்னார். சுவரோரம் சாமுவேலும் சுமதியும் நின்றார்கள். அவர்களுக்கு நாற்காலி இல்லை. அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். சுற்றுலாவா என்றார். ஆமாம், கல்வெட்டு பார்க்க வந்தேன் என்று போனை எடுத்து அந்த இரண்டு படங்களையும் காட்டினேன். அருமையான கல்வெட்டு என்று அவரும் சொன்னார். கூட்டத்தில் பேசினீர்களா என்று கேட்டார். வாழ்த்துச் சொன்னேன் என்றேன்.

பாஸ்போர்ட்டை மூடி மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரம் கை காட்டினார்.

"இவர உங்களுக்குத் தெரியுமா சார்?"

சாமுவேல் என்னைப் பார்க்கவில்லை. சுமதி பார்த்தாள். தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்பார். சபையில் பழக்கம் என்றால் அவள் வேலை போயிற்று. அது ஒன்று. பிரசங்கம் செய்தது தெரிந்தால் விசா என்னாகும், விமான நிலையத்தில் நிறுத்துவார்களா, இனிமேல் இந்த நாட்டுக்குள் விடுவார்களா. அது இன்னொன்று. இந்த இரண்டில் எது முதலில் மனத்தில் வந்தது என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை. மேசைமேல் என் பாஸ்போர்ட் இருந்தது.

"தெரியாது" என்றேன்.

அதிகாரி தன் போனைத் திருப்பி என் பக்கம் வைத்தார். ஜெபக்கூடம், முழங்காலில் சாமுவேல், அவர் தலைமேல் ஒரு கை. கையில் என் கடிகாரம். அடுத்து ஏலம். சாமுவேலு அண்ணன், சாமுவேலு அண்ணன் என்று அந்தச் சின்ன அறைக்குள் ஒரு குரல் கூவியது. கைதட்டல் முடியும்வரை ஓடவிட்டார்.

நான் இதைத் தேடிப் போகவில்லை, என் போனுக்கு வந்துவிட்டது, பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியாது என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னிடம் பாஸ்போர்ட்டை நீட்டினார். "நீங்க தெரியாதுன்னுட்டீங்க. உங்களப் பத்தி ஒண்ணும் எழுதல சார். நல்லபடியா ஊருக்குப் போங்க."

என்னுடைய தெரியாது என்னை மட்டும் காப்பாற்றியது. அது யாருக்காகச் சொல்லப்பட்டது என்பதை அந்தப் பாஸ்போர்ட் என் கைக்குத் திரும்பி வந்த விதத்திலேயே தெரிந்துகொள்ளலாம். வாயைத் திறந்து ஏதாவது சொல்ல நினைத்தேன். சொல்லியிருக்கலாம். தெரியும், இவர் என் சகோதரர் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வீடியோ வந்த பிறகு அதனால் அந்தப் பெண்ணுக்குப் புதிதாக ஒன்றும் ஆகியிருக்காது. நான் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்ததும் சுமதி நிற்கவில்லை. டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்பதுபோல மணியைப் பார்த்துவிட்டு வேகமாக நடந்து போனாள். ஏரிக்கரையில் மூப்பர் எசேக்கியேல் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு விஷயம் எட்டியிருக்க வேண்டும். நேற்று ஏலம் கேட்ட வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றார். அவளுக்கு வழி விட்டு ஒதுங்கினார். அவள் அவரையும் பார்க்கவில்லை.

போதகர் வீட்டிலிருந்து என் பையைச் சாமுவேலே எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை கூட வந்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. புளியமரத்தடியில் நின்றோம். புடவை எங்கே வாங்கப்போகிறீர்கள், தறிக்காரர்களிடமே வாங்கினால் ஏமாற மாட்டீர்கள் என்று யோசனை சொன்னார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். கேட்காதவர்போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து தூரத்தில் திரும்புவது தெரிந்தது.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்" என்றார். "உள்ள தெரியாதுன்னு சொன்னீங்களே. அது பேதுரு சொன்னதா, யோவான் சொன்னதா?"

குத்திக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நேற்று முக்கால் மணி நேரத்துக்கு மேல் விளக்கினவனுக்கு இதுவும் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பேருந்து வந்துவிட்டது. நான் ஏறினேன். பையைப் படியில் தூக்கி வைத்துவிட்டு, அவர் கண்டக்டரிடம் சொன்னார்.

"நம்ம ஐயாதான். வெளியூரு. காஞ்சிபுரத்துல பாத்து எறக்கி வுட்டுடுங்க."